எச்6 எப்போது? காரோ-கான் ஆட்டம் ஒன்றைப் படிக்கும் முறை

காய்களின் ஓட்டம் பிடிபட்டு, எளிய செக்மேட்டுகளும் கைவந்த பிறகு, செஸ் பழகுபவர்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு தொடக்க ஆட்டத்தின் முதல் பத்து நகர்த்தல்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த மனப்பாடம் பலகையில் அதிக நேரம் நிற்பதில்லை. எதிரில் இருப்பவர் வரிசையை ஓர் இடத்தில் மாற்றினால் போதும். நம் கையில் இருப்பது வெறும் எண்களும் எழுத்துகளும்தான் என்பது உடனே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, நாம் ஆட விரும்பும் தற்காப்பில் ஆடப்பட்ட ஒரே ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதை ஒரு வாரம் விடாமல் படிப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் படிப்பதற்கான வழியை, ஒரு புகழ்பெற்ற ஆட்டத்தை நடுவில் வைத்து, படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

தற்காப்பு காரோ-கான். வெள்ளை இ4 ஆடும்போது கறுப்பு சி6 என்று பதில் சொல்லி, அடுத்த நகர்த்தலில் டி5 என்று மையத்தைத் தட்டிக்கேட்பதே இதன் அடிப்படை (இந்தக் குறியீடுகளை முதல் படியில் விளக்குகிறேன்). 1886-ல் இதை ஆராய்ந்து எழுதிய ஹொரேஷியோ காரோ, மார்க்கஸ் கான் ஆகிய இருவரின் பெயரால் இது வழங்குகிறது. காப்பாபிளாங்கா, போட்வின்னிக், பெட்ரோசியான், கார்ப்போவ் போன்ற உலக சாம்பியன்கள் இதை நம்பி ஆடினார்கள். உறுதியானது, சிப்பாய் அமைப்பு கெடாதது, புதியவர்களுக்கு ஏற்றது என்ற பெயர் இதற்கு உண்டு. அந்தப் பெயர் பெரும்பாலும் சரியானதே. ஆயினும் இதே தற்காப்பில், அப்போதைய உலக சாம்பியன் ஒருவர் 19 நகர்த்தல்களில் வீழ்ந்திருக்கிறார். நாம் படிக்கப்போவது அந்த ஆட்டத்தைத்தான்.

1997 மே 11 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டம் அது. வெள்ளைக் காய்களுடன் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் ப்ளூ கணினி. கறுப்புக் காய்களுடன் கேரி காஸ்பரோவ். அதற்கு முந்தைய ஆண்டு ஃபிலடெல்பியாவில் நடந்த போட்டியில் காஸ்பரோவ் 4–2 என்று வென்றிருந்தார். இந்த மறுபோட்டியில் ஐந்து ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் தலா இரண்டரைப் புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் இருந்தார்கள். ஆறாவது ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே நீடித்தது. போட்டி 3½–2½ என்று கணினியின் பக்கம் முடிந்தது. வரலாற்றில் இதற்குள்ள இடம் ஒருபுறம் இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு நகர்த்தலின் நேரம் தவறினால் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் காட்டும் வேறோர் ஆட்டத்தை நான் அறியேன். அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் படி: பலகை, நோட்டு, குறியீடு

திரையில் மட்டும் பார்த்துப் படிக்காதீர்கள். ஒரு மரப்பலகையோ, சுருட்டி வைக்கும் ரெக்சின் விரிப்போ போதும். காயைக் கையால் எடுத்து வைக்கும்போது கண் அந்தக் கட்டத்தில் சற்றுக் கூடுதலாகத் தங்குகிறது. பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். நோட்டின் இடப்பக்கத்தில் நகர்த்தல்களையும், வலப்பக்கத்தில் உங்கள் எண்ணங்களையும் எழுதுங்கள்.

இந்தக் கட்டுரையில் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்ற பெயர்களைப் பயன்படுத்துகிறேன். சில ஊர்களில் யானையைக் கோட்டை என்றும், மந்திரியை ஒட்டகம் அல்லது பிஷப் என்றும் சொல்வார்கள். நீங்கள் பழகிய பெயரிலேயே படித்துக்கொள்ளலாம். நெடுவரிசைகள் வெள்ளைக்கு இடப்புறத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், குறுக்கு வரிசைகள் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் எண்ணப்படுகின்றன. காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் எழுதப்பட்டிருந்தால் அது சிப்பாயின் நகர்த்தல். பெருக்கல் குறி வெட்டுவதையும், கூட்டல் குறி செக்கையும் குறிக்கும். ஆட்டம் முழுவதும் இதோ:

1. இ4, சி6
2. டி4, டி5
3. குதிரை சி3, டி×இ4
4. குதிரை×இ4, குதிரை டி7
5. குதிரை ஜி5, ஜி8 குதிரை எஃப்6
6. மந்திரி டி3, இ6
7. ஜி1 குதிரை எஃப்3, எச்6
8. குதிரை×இ6, ராணி இ7
9. ராஜா பக்கம் காஸ்லிங், எஃப்×இ6
10. மந்திரி ஜி6+, ராஜா டி8
11. மந்திரி எஃப்4, பி5
12. ஏ4, மந்திரி பி7
13. யானை இ1, குதிரை டி5
14. மந்திரி ஜி3, ராஜா சி8
15. ஏ×பி5, சி×பி5
16. ராணி டி3, மந்திரி சி6
17. மந்திரி எஃப்5, இ×எஃப்5
18. யானை×இ7, மந்திரி×இ7
19. சி4, கறுப்பு தோல்வியை ஒப்புக்கொண்டது.

இரண்டாம் படி: நிறுத்தாமல் ஒருமுறை

முதல் தடவை எதையும் ஆராயாமல், கதை கேட்பதுபோல் ஆட்டத்தைக் கடைசி வரை ஆடிப் பாருங்கள். முடிந்ததும் நோட்டில் இரண்டே வாக்கியங்கள் எழுதுங்கள்: ஆட்டம் எங்கே திரும்பியது என்று உங்களுக்குத் தோன்றுகிறது, தோற்றவரின் ராஜா ஏன் தப்ப முடியவில்லை. உங்கள் பதில் தவறாக இருந்தாலும் அதை அழிக்க வேண்டாம். வாரக் கடைசியில் அதைத் திரும்பப் படிக்கும்போது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை அந்த இரண்டு வாக்கியங்களே சொல்லும்.

மூன்றாம் படி: அடுத்த நகர்த்தலை மறைத்து ஊகித்தல்

இப்போது பட்டியலை ஒரு தாளால் மூடி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் நீங்களே ஒன்றை முடிவு செய்து எழுதிவிட்டு, பிறகு தாளை விலக்குங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகள் போதும். இந்த நகர்த்தல் எதை மிரட்டுகிறது? எந்தக் கட்டத்தின் காவலைக் கைவிடுகிறது? எந்தக் காய்க்கு வழி திறக்கிறது, எதற்கு அடைக்கிறது? மூன்றில் இரண்டாவது கேள்வியைத்தான் புதியவர்கள் கேட்க மறக்கிறார்கள். இந்த ஆட்டமோ அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே நிற்கிறது.

முதல் நான்கு நகர்த்தல்களை விரைவாகக் கடந்துவிடலாம். கறுப்பு மையத்தில் தன் டி சிப்பாயைக் கொடுத்து வெள்ளையின் இ சிப்பாயை வாங்கிக்கொள்கிறது. 4-ஆம் நகர்த்தலில் குதிரையை டி7-க்குக் கொண்டுவருவதன் நோக்கம், மற்றக் குதிரையை எஃப்6-ல் வைக்கும்போது வெள்ளை அதை வெட்டினால், இரண்டாம் குதிரையால் திருப்பி வெட்டிச் சிப்பாய் அமைப்பைக் காப்பதே. கார்ப்போவ் இந்த முறையை விரும்பி ஆடினார். அவர் பெயராலேயே பலரும் இதை அறிவார்கள்.

இந்த முறையில் அடங்கியிருக்கும் ஓர் ஆபத்தை இங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். டி7-ல் நிற்கும் குதிரை, கறுப்பு ராஜா தப்பக்கூடிய ஒரு கட்டத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. 5-ஆம் நகர்த்தலில் வெள்ளை ராணியை இ2-க்குக் கொண்டுவந்தால், கறுப்பு யோசிக்காமல் ஜி8 குதிரையை எஃப்6-ல் வைக்க, வெள்ளைக் குதிரை டி6-ல் இறங்கி அங்கேயே செக்மேட் ஆகிவிடும். இ7 சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்ட முடியாது. ஏனெனில் அது நகர்ந்தால் இ2-ல் உள்ள ராணி நேரே ராஜாவைத் தாக்கும். பலகையில் இதை ஒருமுறை வைத்துப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

நான்காம் படி: ஒரே நகர்த்தலை நான்கு இடங்களில் சோதித்தல்

இந்த வழிகாட்டியின் மையப்பகுதி இதுதான். இதற்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

5-ஆம் நகர்த்தலில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவியதும், அதை விரட்ட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரும். விரட்டுவதற்கு இருக்கும் கருவி எச் சிப்பாய்: எச்6. காஸ்பரோவ் இதை 7-ஆம் நகர்த்தலில் ஆடினார். 5, 6, 7, 8 என்ற நான்கு நகர்த்தல்களிலும் தனித்தனியே எச்6 ஆடினால் என்ன ஆகும் என்று நாம் பலகையில் வைத்துப் பார்ப்போம்.

5-ஆம் நகர்த்தலிலேயே எச்6 ஆடினால், வெள்ளைக் குதிரை பின்வாங்காமல் இ6-க்குள் பாய்கிறது. அது கறுப்பு ராணியைத் தாக்குகிறது. வெட்டிவிடலாமே என்று எஃப் சிப்பாயால் வெட்டினால், வெள்ளை ராணி எச்5-ல் வந்து செக் சொல்கிறது. கறுப்பு ஜி6 என்று சிப்பாயை இடையில் வைப்பதைத் தவிர வழியில்லை. ராணி அந்தச் சிப்பாயையும் வெட்டிச் செக்மேட் செய்துவிடும். எச் சிப்பாய் எச்7-லேயே நின்றிருந்தால் ஜி6-ஐக் காத்திருக்கும். அது முன்னேறிவிட்டதால்தான் ஜி6 அநாதையாயிற்று. கறுப்பு அந்தக் குதிரையை வெட்டாமல், முதலில் ராணியை ஏ5-க்கு நகர்த்திச் செக் சொல்லித் தப்பலாம். ஆனாலும் நிலைமை வசதியாக இருக்காது.

6-ஆம் நகர்த்தலில், அதாவது இரு தரப்பும் ஜி8 குதிரை எஃப்6, மந்திரி டி3 ஆகியவற்றை ஆடிய பிறகு எச்6 ஆடினால், முடிவு இன்னும் விரைவானது. எஃப்6-ல் குதிரை நிற்பதால் வெள்ளை ராணியால் எச்5-க்கு வர முடியாது என்பது உண்மை. ஆனால் இப்போது டி3 மந்திரி ஜி6-ஐ நோக்கி நிற்கிறது. குதிரை இ6-ல் பாய, கறுப்பு எஃப் சிப்பாயால் வெட்ட, மந்திரி ஜி6-ல் வந்ததுமே செக்மேட். ராஜாவுக்கு டி8-ல் சொந்த ராணி, டி7-ல் சொந்தக் குதிரை, இ7-ல் சொந்தச் சிப்பாய். எஃப்7-ஐ மந்திரி காக்கிறது. தன் வீட்டுக் காய்களே சுவராக நின்று ராஜாவை அடைத்துவிட்ட காட்சி இது.

இதைப் பார்த்த பிறகு 6-ஆம் நகர்த்தலில் கறுப்பு இ6 ஆடுவதன் பொருள் தானாக விளங்கும். குதிரை இ6-ல் வெறுமனே இறங்க முடியாதபடி அந்தக் கட்டத்தில் சிப்பாய் உட்கார்ந்துவிட்டது. எஃப்8 மந்திரிக்கும் வழி திறந்துவிட்டது. ஆபத்து தீர்ந்தது என்றே நமக்கும் தோன்றும்.

7-ஆம் நகர்த்தலில் எச்6. காஸ்பரோவ் ஆடியது இதைத்தான். வெள்ளைக் குதிரை சிப்பாய்க்காகத் தன்னைக் கொடுத்து இ6-ஐ வெட்டுகிறது. எஃப் சிப்பாய் திருப்பி வெட்டினால் ஜி6-ல் மந்திரியின் செக். இம்முறை இ7 காலியாக இருப்பதால் உடனடிச் செக்மேட் இல்லை. ராஜா இ7-க்கு ஏறலாம். ஆனால் அங்கே ஏறினால் எஃப்8 மந்திரியின் வழியை ராஜாவே அடைத்துவிடும். ராணிப் பக்கத்து மந்திரியும் டி7 குதிரைக்குப் பின்னால் அடைபட்டே இருக்கும். காஸ்பரோவ் வேறு வழி தேடி ராணியை இ7-க்குக் கொண்டுவந்தார். அப்போது வெள்ளைக் குதிரை, ராஜாவுக்கும் கறுப்பு ராணிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் நிற்கிறது. வெள்ளை காஸ்லிங் செய்து ராஜாவை அந்த வரிசையிலிருந்து விலக்கியதும், குதிரை மறுபடி உயிர் பெறுகிறது. ஆகவே கறுப்பு இப்போது வெட்டியாக வேண்டும். வெட்டியதும் ஜி6-ல் செக். இ7-ல் தன் ராணியே நிற்பதால், ராஜா டி8-க்குத்தான் ஓட முடிகிறது.

8-ஆம் நகர்த்தலில் எச்6 ஆடுவது எப்படி? கறுப்பு 7-ஆம் நகர்த்தலில் முதலில் மந்திரியை டி6-க்குக் கொண்டுவந்திருந்தால், வெள்ளை வழக்கமாக ராணியை இ2-ல் வைக்கும். அதன் பிறகு எச்6 ஆடலாம், அதுவே இந்த முறையின் வழக்கமான வரிசை. அப்போதும் குதிரை இ6-ஐ வெட்டித் தியாகம் செய்தால், ஜி6 செக்குக்கு ராஜா இ7-ல் ஏறிக்கொள்ளும். இம்முறை மந்திரி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதால் ராஜா யாருடைய வழியையும் அங்கே அடைக்கவில்லை. வெள்ளையோ இன்னும் காஸ்லிங் செய்யவில்லை. தியாகத்துக்குக் கிடைக்கும் பலன் குறைந்துவிடுகிறது. அதனால்தான் வெள்ளை தன் குதிரையை இ4-க்குத் திருப்பிக்கொள்கிறது; குதிரைகள் வெட்டிக்கொள்கின்றன; ராணி இ4-ல் வந்து நிற்க, ஆட்டம் அமைதியாகத் தொடர்கிறது.

நான்கு இடங்களிலும் நகர்ந்தது அதே சிப்பாய், அதே கட்டத்துக்கு. நான்கிலும் ஜி6-ன் காவல் போனதும் உண்மைதான். மாறியது ராஜாவுக்கு இருந்த வழி மட்டுமே. இதை நோட்டில் நான்கு சிறிய படங்களாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ராஜாவின் தப்பும் கட்டம் எது, அது திறந்திருக்கிறதா என்று ஒரு வரி எழுதுங்கள். இதுபோல வரைந்து வைத்த ஒருவர், வரிசையை மறந்துபோனாலும் பலகையின் முன் உட்கார்ந்து அதைத் திரும்பக் கண்டுபிடித்துவிட முடியும்.

காஸ்பரோவ் போன்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா என்ற கேள்வி இயல்பானது. இ6 தியாகம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்த ஒன்று. அவர் வரிசையைக் குழப்பிக்கொண்டார் என்பாரும் உண்டு. உடனடி லாபம் கணக்கில் தெரியாத தியாகத்தை இயந்திரம் செய்யாது என்று நம்பியே ஆடினார் என்பாரும் உண்டு. டீப் ப்ளூ ஒரு விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராயக்கூடியது என்றாலும், அந்தத் தியாகம் அப்படிக் கணக்கிட்டு வந்ததன்று. அதன் குழுவினர் முன்கூட்டியே சேர்த்துவைத்திருந்த தொடக்க நகர்த்தல் தொகுப்பில் அது இருந்தது. மேலும், காஸ்பரோவ் வழக்கமாக இ4-க்குச் சிசிலியன் என்ற வேறொரு தற்காப்பை ஆடுபவர். மிக முக்கியமான நாளில் தனக்கு அன்றாடப் பழக்கமில்லாத வீட்டுக்குள் நுழைந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தாக்குதல் எப்படி வளர்கிறது என்று பார்த்தல்

10-ஆம் நகர்த்தல் முடிந்த நிலையைப் பலகையில் வைத்துவிட்டு, ஒரு கால் மணி நேரம் எதையும் நகர்த்தாமல் பாருங்கள். வெள்ளை ஒரு குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாயை வாங்கியிருக்கிறது. கணக்கில் இரண்டு புள்ளிகள் குறைவு. பதிலுக்கு என்ன கிடைத்தது? கறுப்பு ராஜாவால் இனிக் காஸ்லிங் செய்ய முடியாது. எஃப்8 மந்திரியை ராணி அடைக்கிறது; சி8 மந்திரியைக் குதிரை அடைக்கிறது; எச்8 யானைக்கு வேலையே இல்லை. ஜி6-ல் நிற்கும் வெள்ளை மந்திரியோ எஃப்7, இ8 இரண்டையும் காத்து, கறுப்பு ராணியின் நடமாட்டத்தையும் குறுக்கிவிட்டது. இவற்றை எல்லாம் நீங்களே கண்டு எழுதிய பிறகு மேலே செல்லுங்கள்.

வெள்ளையின் அடுத்த நகர்த்தல்களில் செக்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். மந்திரி எஃப்4-ல் வந்து, சி7, பி8 வரை செல்லும் மூலைவிட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது. யானை இ1-ல் வந்து இ6 சிப்பாயைக் குறிவைக்கிறது. காய்களைக் கொடுத்துத் தாக்கும்போது ஒவ்வொரு நகர்த்தலும் மிரட்டலாக இருக்க வேண்டும் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே வெள்ளை நிதானமாக ஒவ்வொரு காயையும் வேலைக்குக் கொண்டுவருகிறது, ஏனெனில் கறுப்புக்கு விரைந்து தப்ப வழியில்லை.

கறுப்பின் 11-ஆம் நகர்த்தலான பி5-ஐத் தனியாக ஆராய வேண்டும். வெள்ளையின் சி4-ஐத் தடுத்து, டி5-ல் குதிரைக்கு ஓர் இடம் உறுதிசெய்துகொள்வது அதன் நோக்கம். அந்த நோக்கம் தவறானதன்று. ஆனால் ராஜா ஒதுங்க வேண்டிய பக்கமும் அதுவே. வெள்ளை உடனே ஏ4 என்று அந்தச் சிப்பாயை உரசி, ஏ நெடுவரிசையைத் தன் யானைக்குத் திறந்துகொண்டது. மூன்று கேள்விகளில் இரண்டாவதை இங்கேயும் கேட்டுப் பாருங்கள்.

16-ஆம் நகர்த்தலில் ராணி டி3-ல் வந்து பி5 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்பு மந்திரி சி6-ல் நின்று காக்கிறது. அடுத்து வெள்ளை மந்திரி ஜி6-லிருந்து எஃப்5-க்குத் திரும்புகிறது. இ6 சிப்பாய், இ1 யானைக்கும் இ7 ராணிக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருப்பதை இது பயன்படுத்துகிறது: சிப்பாய் மந்திரியை வெட்டினால் யானை ராணியை வெட்டும்; வெட்டாமல் விட்டால் மந்திரியும் யானையும் சேர்ந்து இ6-ஐ உடைக்கும். காஸ்பரோவ் வெட்டினார். ராணி போயிற்று.

ஆறாம் படி: கடைசி நிலையை எண்ணிப் பார்த்தல்

பெரும்பாலானவர்கள் தவறவிடும் படி இது. 19-ஆம் நகர்த்தலுக்குப் பிறகு பலகையில் உள்ள காய்களை எண்ணுங்கள். ராணிக்கு 9, யானைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் தலா 3, சிப்பாய்க்கு 1 என்ற வழக்கமான கணக்கை எடுத்துக்கொள்வோம். வெள்ளையிடம் ராணி, ஒரு யானை, ஒரு மந்திரி, ஒரு குதிரை, ஆறு சிப்பாய்கள்: 9, 5, 3, 3, 6 சேர்ந்து 26. கறுப்பிடம் இரண்டு யானைகள், இரண்டு மந்திரிகள், இரண்டு குதிரைகள், ஐந்து சிப்பாய்கள்: 10, 6, 6, 5 சேர்ந்து 27. ஆக, ஒப்புக்கொண்ட தரப்பே புள்ளியில் ஒன்று முன்னால் நிற்கிறது.

பிறகு ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? விடை ராஜாவின் நிலையில் இருக்கிறது. சி4 ஆடிய சிப்பாய், பி5 சிப்பாயையும் டி5 குதிரையையும் ஒரே சமயத்தில் தாக்குகிறது. கறுப்பு அதை வெட்டினால், வெள்ளை ராணி சி4-ல் திருப்பி வெட்டி, சி6 மந்திரியை அதன் ராஜாவோடு கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டிலிருந்து விலக ராஜா பி7-க்குப் போனால், ராணி ஏ6-ல் வந்து செக்மேட். ஏ1 யானை ராணியைக் காக்கிறது. ஜி3 மந்திரி சி7, பி8 இரண்டையும் மூடிவிட்டது. ஏ8-ல் கறுப்பின் சொந்த யானை. 11-ஆம் நகர்த்தலில் எஃப்4-க்கு வந்த மந்திரியும், 12-ஆம் நகர்த்தலில் ஏ4-ல் திறந்த வழியும் இந்த ஒரு செக்மேட்டில் வந்து சேர்வதைப் பார்க்கும்போது, எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது. கறுப்பு சிப்பாயை வெட்டாமல் குதிரையை பி4-ல் வைத்து ராணியைத் தாக்கினால், ராணி எஃப்5 சிப்பாயை வெட்டிக்கொண்டே டி7 குதிரையை ராஜாவோடு கட்டிவிடும். மற்ற வழிகளை நீங்களே தேடி எழுதுங்கள்.

ஏழாம் படி: இப்போதுதான் என்ஜின்

இதுவரை கணினியைத் திறந்திருக்கக் கூடாது. இனி லிச்செஸ் போன்ற இலவசத் தளத்தின் ஆய்வுப் பலகையில் ஆட்டத்தை உள்ளிட்டு, ஸ்டாக்ஃபிஷ் என்ஜினை, அதாவது செஸ் நிலைகளைக் கணக்கிட்டு மதிப்பிடும் நிரலை, இயக்கலாம். அது காட்டும் எண் ஒன்று என்றால், ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு சாதகம் என்று பொருள். அந்த எண்ணை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் நோட்டில் நீங்கள் எழுதிய கருத்தும் என்ஜினின் கருத்தும் முரண்படும் இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, அங்கே நின்று, என்ஜின் சொல்லும் வழியை ஐந்து நகர்த்தல் வரை பலகையில் ஆடிப் பாருங்கள். காரணம் உங்களுக்குச் சொற்களில் விளங்கினால் நோட்டில் சேருங்கள். விளங்காவிட்டால் ஒரு கேள்விக்குறி இட்டு விட்டுவிடுங்கள். இயந்திரத்தால் காக்க முடிகிற ஒரு நிலையை, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மனிதரால் காக்க முடியும் என்று எண்ணிவிடக் கூடாது.

எட்டாம் படி: பக்கத்து வீடுகளைப் பார்த்து வருதல்

ஓர் ஆட்டத்தை இவ்வளவு ஆழமாகப் படித்தவருக்கு, அதே தற்காப்பின் மற்ற இரு வழிகளைப் பார்ப்பது எளிது. 4-ஆம் நகர்த்தலில் குதிரையை டி7-ல் வைக்காமல் நேரே எஃப்6-ல் வைக்கும் வழிக்கு, 1910-ல் வியன்னாவில் ரெட்டி, தார்த்தகோவரை 11 நகர்த்தல்களில் வென்ற ஆட்டத்தைப் பாருங்கள். வெள்ளை தன் ராணியை டி8-ல் தியாகம் செய்து, ராஜா வெட்டியதும், யானையும் மந்திரியும் சேர்ந்து இரட்டைச் செக் கொடுத்து முடிக்கும் ஆட்டம் அது. மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவரும் மூன்றாவது வழிக்கு, 2013-ல் சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் இரண்டாம் ஆட்டம் பொருத்தமானது. விஸ்வநாதன் ஆனந்த் வெள்ளை, மேக்னஸ் கார்ல்சன் கறுப்பு. 25 நகர்த்தல்களில் டிரா. சி8 மந்திரி முதலிலேயே வெளியே வந்துவிடுவதால் கறுப்பின் சிக்கல்களில் எது தீர்கிறது, எது புதிதாகப் பிறக்கிறது என்று மட்டும் ஒப்பிட்டு எழுதினால் போதும்.

ஒன்பதாம் படி: சொந்த ஆட்டத்துக்குக் கொண்டுபோதல்

அடுத்த வாரம் கறுப்புக் காய்களுடன் பத்து ஆட்டங்கள் காரோ-கான் ஆடுங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடமாவது இருக்கும் ஆட்டங்களாக இருக்கட்டும். மூன்று நிமிட ஆட்டத்தில் கேள்வி கேட்க நேரம் கிடைக்காது. ஒவ்வொன்றும் முடிந்ததும், எச் சிப்பாயையோ பி சிப்பாயையோ நகர்த்திய இடத்தைத் தேடிப்பிடித்து, அதனால் காவல் இழந்த கட்டம் எது என்று ஒரு வரி எழுதுங்கள். எதிராளி அதைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தாலும் எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வெள்ளையின் 7-ஆம் நகர்த்தல் முடிந்த நிலையைப் பலகையில் வைத்து, இந்த ஆட்டத்தை அறியாத நண்பர் ஒருவரைக் கறுப்பின் பக்கம் உட்கார வையுங்கள். அவர் எச்6 ஆடினால், இ6-ல் குதிரையைக் கொடுத்து, எதிரே உட்கார்ந்து ஆட்டத்தைத் தொடருங்கள். அவர் மந்திரியை டி6-ல் வைத்தால், ஏன் அங்கே வைத்தார் என்று கேட்டு, அவர் சொல்வதை நோட்டில் உங்கள் விளக்கத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.